உப்புக்கண்டத்துக்குக் காவல்

இந்த மனுசன் உப்பில்லாமல் உயிரோடு இருப்பதைவிட உப்போடு போய்ச் சேர்ந்தால் தேவலை.

நினைத்த உடனே கண்ணாத்தாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேசியதற்குத்தான் நாக்கைக் கடிப்பார்கள். நினைத்ததற்கு எதைக் கடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதனால் கன்னத்திலும் ஒருமுறை போட்டுக்கொண்டாள்.

எதிரே அவள் புருசன் ஆவுடையப்பன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது என்னது?"

"சுரைக்காக் குழம்புங்க."

"சுரைக்கா இருக்குறது தெரியுது. குழம்பு எங்க?"

"உப்புப் போடாததுனால அப்புடி இருக்கு. புளி கொஞ்சம் கூட விட்டிருக்கேன்."

"செத்த பெறகு வாயில அரிசி போடுவாங்கள்ல, அது இதைவிட ருசியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஒரு கவளத்தை எடுத்து, கோயில் திருநீற்றைப் போடுவதுபோல வாயில் போட்டுக்கொண்டார். கண்ணாத்தாள் அவர் தொண்டையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கவளம் இறங்கியது. இன்றைக்கு ஒரு கவளம் ஆச்சு என்று அவள் மனசிலிருந்து ஒரு கல் இறங்கியது.

ஆவுடையப்பன் சமஸ்தானம் இருந்த காலத்திலேயே குமாஸ்தாவாகச் சேர்ந்து, ராஜ்யம் போய் சர்க்கார் வந்த பிறகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, போன வருசம்தான் ரிடையர் ஆனவர். நாற்காலியை விட்டு எழுந்ததும் வயிற்றில் ஏதோ செய்ய ஆரம்பித்தது. நெஞ்சு கரித்தது. ஏப்பம் வந்தது, சில நாள் வரவில்லை. இரண்டுமே அவருக்குக் கவலையாக இருந்தது. கீழ ராஜ வீதிக்குப் பின்னால் டாக்டர் குழந்தைசாமி வைத்திருந்த டிஸ்பென்சரிக்கு ஒருநாள் போனார். கண்ணாத்தாளும் துணைக்குப் போய் வந்தாள். சோதனையில் என்ன தெரிந்தது என்று கேட்டு வர அடுத்த வாரம் அவர் மட்டும் போனார்.

அந்த டாக்டர் மெட்ராஸில் படித்தவர். கோபம் வந்தாலும் அக்கறை வந்தாலும் அவருக்கு இங்கிலீஷ்தான் வரும். ஆவுடையப்பனுக்கு இங்கிலீஷில் யார் பேசினாலும் "யெஸ் சார்" வந்துவிடும். அன்றைக்கு அவர் நிறைய யெஸ் சார் சொல்லிவிட்டு, வேர்த்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

"கிட்னின்னாரு. குண்டிக்காய் ரெண்டும் பழுதாம்" என்றார்.

கண்ணாத்தாளுக்கு ஆட்டுக் குண்டிக்காய்தான் தெரியும். மனுசனுக்கும் அது இருக்கிறது, அதுவும் கெட்டுப்போகும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உப்பு ஆகாது. கறி ஆகாது. கருவாடு, உப்புக்கண்டம் பக்கமே போகக்கூடாது. கொடம் தூக்கக்கூடாது, குனிஞ்சு நிமிரக்கூடாது, அடுப்பு வெக்கை மேல படக்கூடாது. நல்லா ரெஸ்ட் எடுக்கணும். மீறுனா ஆளே ஊதிப்போயி, அப்பறம் ஒண்ணும் செய்ய முடியாதாம்."

அவர் எப்போது குடம் தூக்கினார், எந்த அடுப்பு வெக்கையில் நின்றார் என்று கண்ணாத்தாளுக்கு அந்த நிமிசத்தில் கேட்கத் தோன்றவில்லை. அழத்தான் தோன்றியது. பிள்ளை இல்லை. இந்த வீடு அவர் பிறந்த வீட்டுப் பாகம். அவர் போன மறுநாள் பங்காளிகள் படியேறுவார்கள். நார்த்தாமலையில் அவள் அண்ணன் இருக்கிறார். அண்ணன் நல்லவர். அண்ணன் பெண்டாட்டியின் அடுப்படியில் ஒரு மூலையில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பேசி, போட்டதைத் தின்று, மிச்சமிருக்கும் ஆயுசைக் கழிக்க வேண்டும். அதை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் இந்த மனுசனை எப்படியும் சாகவிடக்கூடாது என்று முடிவு செய்தாள். அதற்கு ஊரில் பாசம் என்று பெயர். அவளும் அப்படியே வைத்துக்கொண்டாள்.

அவர் தான் குளிக்கக் கிணற்றில் இறைத்து வந்த இரண்டு வாளித் தண்ணீரையும் சேர்த்து அவளே இறைத்தாள். அவருக்குத் தனி அடுப்பு, தனிச் சட்டி, தனிப் பத்தியம். அவர் ரெஸ்ட் எடுத்தார்.

இப்படி இருக்கும்போதுதான் வல்லத்திராக்கோட்டையிலிருந்து நாத்தனார் சின்னப்பிள்ளை ஒரு பானையை அனுப்பி வைத்தாள்.

அந்தப் பக்கம் கோழிகளுக்குச் சீக்கு வந்திருந்தது. தெருவுக்குத் தெரு கழுத்தைத் தொங்கப்போட்டு விழுந்தன. சின்னப்பிள்ளை காரியக்காரி. தன் வீட்டுக்குச் சீக்கு வரும்வரை காத்திருக்காமல், நல்லாயிருந்த கோழியை எல்லாம் ஒரே நாளில் அறுத்து, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் மிளகாயும் அரைத்துப் புரட்டி, நூலில் கோத்து, வெயிலில் காயப்போட்டுவிட்டாள். ஆட்டுக்கறியில்தான் எல்லாரும் உப்புக்கண்டம் போடுவார்கள். கோழியில் போடுவதற்கு ஒரு கை வேண்டும். அந்தக் கை சின்னப்பிள்ளைக்கு இருந்தது. தம்பிக்கு அதில் உயிர் என்பதும் தெரிந்திருந்தது. உயிருக்கு ஆபத்து என்பது மட்டும்தான் தெரியாது.

கண்ணாத்தாள் சொல்லியனுப்பவில்லை. தம்பிக்கு நோவு என்று தெரிந்தால் சின்னப்பிள்ளை அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கி, நோவுக்குக் காரணம் யார் என்பதைக் கண்டுபிடித்துவிடுவாள். யாரைக் கண்டுபிடிப்பாள் என்பதும் கண்ணாத்தாளுக்குத் தெரியும்.

உப்புக்கண்டச் சரங்களை முதலில் அடுப்புக்கு மேலே கட்டினாள். அன்றிலிருந்து ஆவுடையப்பன் தண்ணீர் குடிக்க அடுப்படிக்கே வந்தார். சொம்பை வாயில் வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பார். தண்ணீர் தீர்ந்த பிறகும் அண்ணாந்தபடியே நிற்பார்.

அவள் சரங்களை இறக்கிப் பானையில் போட்டு, மூடி, துணி கட்டி, பானையை நெல் குதிருக்குள் இறக்கினாள். இனி பயமில்லை என்று இருந்தாள். நெல்லுக்குக் கோழி வாசம் ஏறியது. அரிசிக்கு ஏறியது. சோற்றுக்கு ஏறியது.

"இன்னைக்குச் சோறு நல்லாருக்கே" என்று ஆவுடையப்பன் மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டவர் கையைக் கழுவவில்லை. மோந்து பார்த்தார். அடுப்படியை மோந்தார், அரிசிப் பானையை மோந்தார், வாசத்தைப் பிடித்துக்கொண்டே குதிரிடம் போய்ச் சேர்ந்தார்.

கண்ணாத்தாள் கிணற்றடியிலிருந்து வந்து பார்த்தபோது குதிருக்கு வெளியே இரண்டு கால்கள் மட்டும் இருந்தன. குனிந்து நிமிரக்கூடாத மனுசன். அவள் காலைப் பிடித்து இழுத்தாள். மீசை எல்லாம் உமியோடு வெளியே வந்தார்.

"என்னங்க செய்றீங்க?"

"எலி இருக்கான்னு பாத்தேன்."

"வாயில என்ன?"

அவர் கொஞ்ச நேரம் பதில் சொல்லவில்லை. பச்சையாக உப்புக்கண்டத்தை மெல்ல நேரமாகும்.

மறுநாள் அவள் பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாளிடம் போனாள். "ஒரு ஓரமா வச்சிரு. யாரு கேட்டாலும் குடுக்காத" என்றாள். அவருக்கு என்ன நோவு என்று சொல்லவில்லை. புருசன் உடம்பைப் பற்றி வெளியில் சொல்வது அவள் பழக்கமில்லை.

அன்றிலிருந்து ஆவுடையப்பனுக்கு நாட்டு நடப்பில் அக்கறை வந்துவிட்டது. பிச்சையம்மாள் புருசன் வீரய்யாவிடம் ஐந்தாண்டுத் திட்டத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தினம் பகல் சாப்பாட்டு நேரத்துக்குப் போனார். வந்ததும் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். சட்டையில் பொரித்த எண்ணெய் வாசம் வந்தது.

கண்ணாத்தாள் பிச்சையம்மாளைப் போய்க் கேட்டாள்.

"அண்ணன்தான் வந்து ஒரு துண்டு குடுன்னு கேட்டாங்க. ஒங்க வீட்டுச் சாமான். வீட்டுக்காரரே கேக்கும்போது எப்புடிக்கா இல்லேன்னு சொல்றது?" என்றாள் பிச்சையம்மாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏங்க்கா, ரிடையர் ஆயிட்டா அவுங்களுக்கு வயிறு இல்லையா? கட்டுன புருசனுக்குத் தெரியாம கோழியை அடுத்த வீட்ல ஒளிச்சு வைக்கிறியே. தெருவுல நாலு பேரு என்னைக் கேக்குறாங்க" என்றாள்.

கேட்ட நாலு பேரிடம் சொன்னது யார் என்று கண்ணாத்தாள் கேட்கவில்லை. பானையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் நாத்தனார் கொடுத்தனுப்பியதைக் குப்பையில் போட்டால் அது நாத்தனாரையே குப்பையில் போட்டது மாதிரி. எப்படியும் ஒருநாள் அது அவள் காதுக்குப் போகும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். துண்டுகளை ஊறப்போட்டு, தண்ணீரை வடித்து, மறுபடி ஊறப்போட்டு, உப்பு என்று ஒன்று இருந்த சுவடே தெரியாமல் கசக்கிப் பிழிந்து, மிளகு மட்டும் போட்டு வேகவைத்துத் தட்டில் வைத்தாள். ஒரு சின்னத் துண்டு உள்ளே போனால் டாக்டர் ஒன்றும் சொல்லமாட்டார் என்று தோன்றியது.

ஆவுடையப்பன் வெகுநேரம் மென்றார். தாடை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"ஒருதடவை கொன்னது போதாதுன்னு ரெண்டாந்தடவையும் கொன்னுருக்க" என்று துப்பினார். தட்டு முற்றத்தில் போய் விழுந்தது. அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. மறுநாளும் தட்டைத் தள்ளிவிட்டார். கண்ணாத்தாளுக்கு நார்த்தாமலை அடுப்படி மூலை கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது.

மூன்றாம் நாள் அவரே ஒரு வழி சொன்னார்.

"நீ தின்னு தீத்துரு."

"நானா?"

"வீட்ல இருந்தாத்தான எனக்கு நாக்கு ஊறுது. பொரிச்சு நீயே தின்னு. எனக்கு எதுர உக்காந்து தின்னு. நான் பாத்துக்கிட்டே பத்தியச் சோத்தை உள்ள தள்ளிருவேன்."

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. பானையும் காலியாகும், மனுசனும் சாப்பிடுவார். அவள் பொரித்து எடுத்து வந்து, கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாக அவருக்கு எதிரே தட்டு வைத்து உட்கார்ந்தாள்.

"என்ன துண்டு அது?"

"தொடைங்க."

"கடி. அவசரப்படாத. ஓரம் முறுகலா இருக்கா?"

"இருக்கு."

"உள்ள?"

"மெதுவா நாரு நாரா வருதுங்க."

"உப்பு?"

"தூக்கலா இருக்கு."

"தூக்கலாத்தான் இருக்கும். எங்க அக்கா கை." அவர் கண்ணை மூடிக்கொண்டு சுரைக்காய்ச் சோற்றை விழுங்கினார். "ம். அடுத்த கடி."

இந்த வீட்டுக்கு வந்த நாளாகக் கோழி அடித்தால் கண்ணாத்தாளுக்குக் கழுத்தும் முதுகெலும்பும்தான். தொடை என்பது தட்டில் வைக்கும்போது கையில் படுகிற ஒரு சூடு, அவ்வளவே. இப்போது அதைத் தின்றாள். மறைத்து என்ன ஆகப்போகிறது, அவளுக்குப் பிடித்திருந்தது. புருசன் உயிர் பிழைக்க வேண்டும் என்ற சாக்கில் தன் நாக்கு இத்தனை சந்தோசப்படுகிறதே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு எலும்பையும் கடித்தாள்.

நாளாக ஆக வெட்கமும் போயிற்று, ருசியும் போயிற்று, கடமை மட்டும் மிஞ்சியது. ஒருநாள் வயிற்றைப் புரட்டுகிறது, இன்றைக்கு வேண்டாம் என்றாள்.

"அப்ப எனக்கும் வேணாம்" என்று தட்டைத் தள்ளினார்.

அவள் தின்றாள். பானை காலியாயிற்று. ஆவுடையப்பன் ஊருக்கு ஆள் போகிறபோது அக்காவிடம் சொல்லியனுப்பினார். அடுத்த பானை வந்தது.

பத்தியம் நன்றாக வேலை செய்தது. ஆவுடையப்பனுக்கு நெஞ்சுக் கரிப்பு நின்றது. ஏப்பம் ஒழுங்காக வந்தது. கொஞ்சம் இளைத்தார், அதுவும் பார்க்க லட்சணமாகவே இருந்தது. "டாக்டர் கெட்டிக்காரரு. ஆளையே மாத்திட்டாரு" என்று தெருவில் சொல்லிக்கொண்டார்.

கண்ணாத்தாளுக்குத்தான் முடியவில்லை. காலையில் எழுந்தால் கண் இமை திறக்க மாட்டேன் என்றது. நாலு வாளி இறைப்பதற்குள் மூச்சு வாங்கியது. வயசாகிறது, வேலை கூடுதல், வேறென்ன. கண்ணாடியில் முகம் பளபளவென்று உருண்டையாகத் தெரிந்தது. தெருவும் அதைப் பார்த்தது.

"புருசன் வத்துறாரு, பொண்டாட்டி ஊறுறா" என்று கிணற்றடியில் ஒருத்தி சொன்னது, அவள் கேட்கவேண்டும் என்றுதான் சொன்னது, அவள் காதில் விழுந்தது.

பாதம் இரண்டும் பணியாரம் மாதிரி உப்பிவிட்டது. மெட்டி விரலில் புதைந்து, தோல் நீலமாகியது. சோப்புப் போட்டுப் பார்த்தாள், நல்லெண்ணெய் விட்டுப் பார்த்தாள், நகரவில்லை. கடைசியில் ஆசாரியைக் கூப்பிட்டு வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

ஆசாரி வெட்டி முடித்து எழுந்த நேரம், இடுப்பில் மூன்றாவது பானையோடு சின்னப்பிள்ளை வாசலில் நின்றாள்.

முதலில் தம்பியைப் பார்த்தாள். கழுத்தெலும்பைத் தடவினாள். பிறகு கண்ணாத்தாளைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், வெறும் கால்விரலைப் பார்த்தாள். பானையை இறக்கி வைத்தாள்.

"எம் தம்பி குச்சியாக் கெடக்கான். நீ பூரிச்சுப்போயி நிக்கிற. இதுல மெட்டியையும் வெட்டிப்போட்டாச்சு. என்ன, எல்லாம் முடிவு பண்ணிட்டியா?"

"கால் வீங்கிருச்சு மதினி."

"கால் வீங்கும், வத்தும். மெட்டியைக் கழட்டுனா யாருக்கு ஆகாது? ஒனக்கா ஆகாது? அவனுக்குத்தான ஆகாது."

ஆவுடையப்பனின் முகம் வெளுத்துவிட்டது. அவர் மெட்டியைப் பற்றி அதுவரை யோசிக்கவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "காலையில இருந்தே ஒரு மாதிரியாத்தான்க்கா இருக்கு" என்றார்.

"இருக்காம என்ன செய்யும்? கெளம்பு, டாக்டர்ட்ட போவோம்."

குதிரை வண்டி பிடித்தார்கள். முன்னால் ஆவுடையப்பன், அவரைத் தாங்கிக்கொண்டு சின்னப்பிள்ளை. அவருக்குக் குடிக்கத் தண்ணீர்ச் செம்பும், சாய்ந்துகொள்ளத் தலையணையும் எடுத்துக்கொண்டு கண்ணாத்தாள் வண்டியின் பின்கம்பியைப் பிடித்தபடி விளிம்பில் உட்கார்ந்து வந்தாள். கீழே இறங்கும்போது கால் தரையில் பட்டதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

டாக்டர் வெளியில் போயிருந்தார். கம்பவுண்டர் இன்னாசி மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் பெருமூச்சுவிட்டபடி, அங்கே கிடந்த ஒரே பெஞ்சில் தலையணையை வைத்துச் சாய்ந்தார்.

இன்னாசி திரும்பிப் பார்த்தார். கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தார்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க. அம்மா உக்காரட்டும்."

"நோயாளி நான்" என்றார் ஆவுடையப்பன். "குண்டிக்காய் கேஸ். டாக்டரே சொன்னாரு. இதே எடத்துல வச்சு எங்கிட்ட சொன்னாரு."

"ஒங்ககிட்ட சொன்னாரு சார். ஆனா குண்டிக்காய் கெட்டது அம்மாவுக்குத்தான்."

ஆவுடையப்பன் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஒங்களுக்கு வெறும் வாயு. சோடா உப்பு குடுத்து அனுப்புனோமே" என்றார் இன்னாசி. "மொத நாளு அம்மா காலை அமுக்கிப் பாத்து, குழி விழுகுதுன்னு அவுங்களுக்கும்தான சோதனைக்கு எழுதுனாரு. உப்பைக் கண்ணால காட்டாதீங்க, கொடம் தூக்கவிடாதீங்க, அடுத்த வாரமே கூட்டியாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாரு. நீங்க யெஸ் சார், யெஸ் சார்னு கேட்டுட்டுப் போனீங்க."

"எங்கிட்ட சொன்னா எனக்குத்தானன்னு..." என்று இழுத்தார் ஆவுடையப்பன்.

கண்ணாத்தாளுக்கு அப்போது டாக்டரின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. அந்நிய ஆம்பளை ஒருத்தர் குனிந்து அவள் கணுக்காலை அமுக்கியது, பிறகு சோதனைக்கென்று அவள் கையிலும் ஒரு புட்டியைக் கொடுத்தது. பக்கத்தில் நின்ற ஆவுடையப்பன் அப்போது சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அவள் முதல் வேலையாகக் காலைக் கழுவினாள். நினைப்பையும் சேர்த்துக் கழுவிவிட்டாள். சுத்தமாகத் துடைத்த இடம் மாதிரி மனசில் அது இருந்ததே தெரியவில்லை.

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். யாரும் சொல்லி உட்காரவில்லை.

முதலில் பேச்சு வந்தது சின்னப்பிள்ளைக்குத்தான். "எம் வயித்துல பால வாத்தீங்க கம்பவுண்டரு. அப்ப எந் தம்பிக்கு ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

அவள் தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். ஆவுடையப்பன் எழுந்து நின்றார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், ஒரு ஆள் உயரம் கூடிவிட்டார். வெகுநாள் கழித்து அவர் கண்ணில் ஒரு பசி வந்தது.

"கண்ணாத்தா, எந்திரி. போவோம்" என்றாள் சின்னப்பிள்ளை. "பாவம், இத்தனை நாளா நாக்குச் செத்துப்போயிக் கெடந்துருக்கான். போன ஒடனே நான் கொண்டாந்ததுல நாலு துண்டை எடுத்துப் பொரிச்சு வையி."

"தொடையாப் பாத்து எடு" என்றார் ஆவுடையப்பன். "வண்டிக்காரன் வெளியிலதான் நிக்கிறான். பெறகு சாயங்காலமா டாக்டரை வந்து பாத்துக்குவோம். வா."

கண்ணாத்தாள் தலையணையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். செம்பிலிருந்த தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தாள். புருசனை நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல், மரியாதையும் குறையாமல் சொன்னாள்.

"மாட்டேங்க."